சிவிங்கி ஓடிய சீமை

திருத்தணி என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது மலை; மலைமீதுள்ள முருகன் கோயில்; அக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் 365 படிகள். ஆண்டின் நாட்களையே படிகளாக எண்ணி அடியார்கள் ஏறும் தலம் அது. வரலாறு படித்தோருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது வடக்கெல்லைப் போராட்டம். ம.பொ.சி. முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தது.

நாம் இங்கே சொல்லப் புகுவது கோயிலின் கதையன்று, எல்லையின் கதையுமன்று. அந்தச் சீமையில் ஒரு காலத்தில் ஓடித் திரிந்து இன்று அறவே இல்லாதொழிந்த ஒரு விலங்கின் கதை. அதை வைத்து நம் நாட்டு மன்னரும் நவாபுகளும் நடத்திய வேட்டையின் கதை. அந்த வேட்டைக்குப் பருவந்தோறும் எத்தனை எத்தனை ஆயத்தங்கள் நடந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. செய்யத் தவறிய ஓர் ஆயத்தத்தை எண்ணினாலோ நெஞ்சு கனக்கிறது.

அவ்விலங்கின் பெயர் சிவிங்கி. தமிழிலும் தெலுங்கிலும் சிறு ஒலி வேறுபாட்டுடன் வழங்கும் சொல் இது. வடநாட்டார் இதைச் ‘சீத்தா’ என்பர். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தை மரமேறிப் பதுங்கும் காட்டு விலங்கு. சிவிங்கியோ வெட்டவெளியில் ஓடி இரை பிடிப்பது. ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் உடையது. அதன் கண்ணிலிருந்து வாயை நோக்கிக் கண்ணீர்த் தாரை போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். தரையில் ஓடும் விலங்குகளுள் அதனினும் விரைந்து ஓடுவது வேறில்லை.

அது வாழ்வதற்கேற்ற நிலம் எது? அடர்ந்த காடன்று, புல்வெளியும் முட்புதரும் கலந்த வறண்ட நிலம். அத்தகைய நிலங்களில்தான் வெளிமான் கூட்டங்கூட்டமாக மேயும். மான் இருக்கும் இடத்தில் சிவிங்கியும் இருக்கும். திருத்தணிப் படிகளில் நின்று நாற்புறமும் நோக்கினால் இன்றும் அதன் சாயலைக் காணலாம். நகரி மலைத்தொடரும், இடையிடையே கரும்பாறைக் குன்றுகளும், ஏரிகளும், ஏரி நீர் எட்டாத மேட்டுப்புறங்களில் முட்புதர்களும் கண்ணில் படும்.

அன்று இச்சீமை கார்வேட்டிநகர் பாளையத்தைச் சேர்ந்திருந்தது. பொம்மராஜு பாளையம் என்பது அதன் மற்றொரு பெயர். அதன் அரசர் ஆர்க்காட்டு நவாபுக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டி வந்தார். 1792-இல் நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்தக் கப்பத்தைத் தண்டும் உரிமை கும்பெனியார் கைக்குப் போயிற்று. 1802-இல் அளித்த சன்னதினால் பாளையம் ஜமீனாயிற்று. ஆட்சி மாறினும் வேட்டை மாறவில்லை. நவாபும் பாளையக்காரரும் துரைமாரும் ஒரு பொழுதுபோக்கில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள்.

சிவிங்கியைப் பழக்கி மானை வேட்டையாடும் கலை அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் நெடுங்காலமாக வழங்கியது. அரபியர் அதை ‘ஃபஹ்து’ என்பர். பழக்கிய வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவதை உண்ணத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் நான்காம் வசனம் அனுமதி தருகிறது. அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஏவ வேண்டும். விலங்கு தனக்கெனப் பிடிக்காமல் ஏவியவருக்காகப் பிடித்திருக்க வேண்டும். இவை நிபந்தனைகள். நம் சட்ட நூல்கள் இதனை விளக்கும்போது நாயையும் பருந்தையும் சொல்வதோடு சிவிங்கியையும் சேர்த்துச் சொல்கின்றன.

இந்தியாவில் இக்கலை உச்சம் அடைந்தது மொகலாயர் காலத்தில். அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’யில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். அரண்மனைச் சிவிங்கிகள் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வகுப்புக்கு நாளொன்றுக்கு ஐந்து சேர் இறைச்சி. அடுத்தடுத்த வகுப்புகளுக்குச் சிறிது சிறிதாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை பிராணிகளை அறுப்பதில்லை என்பதால் சனிக்கிழமையே இரு நாள் படி அளக்கப்பட்டது. ஒரு விலங்கின் சாப்பாட்டுக்கு இத்தனை ஒழுங்கு!

இனி அந்த ஆயத்தங்களைப் பார்ப்போம்.

முதல் வேலை பிடிப்பது. குட்டியாகப் பிடித்தால் பயனில்லை. வேட்டையாடும் வித்தையைத் தாய்தான் குட்டிக்குக் கற்பிக்க முடியும், மனிதனால் முடியாது. ஆகவே தாயிடம் பாடம் முடித்து வளர்ந்த சிவிங்கியையே பிடிக்க வேண்டும். சிவிங்கிகள் குறிப்பிட்ட சில மரங்களை நாடி வந்து நகத்தால் பிறாண்டி அடையாளம் வைக்கும் வழக்கமுடையவை. அந்த மரம் எதுவென்று அறிந்து, அதைச் சுற்றிச் சுருக்குக் கண்ணிகளை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். குழி வெட்டிப் பிடிப்பதும் உண்டு. எந்த மரம் என்று அறிந்தவர் யார்? அரண்மனையில் இருந்தவரல்லர், காட்டோடு பிறந்து காட்டோடு வளர்ந்த மக்கள். திருத்தணி, நகரிப் பக்கத்துப் புதர்க்காடுகளின் அடிச்சுவட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருளரும் யானாதியரும். வேட்டை என்ற பெரிய மாளிகை இத்தகையோரின் அறிவின்மீதே எழுந்தது. ஆனால் வேட்டைக் குறிப்புகளில் துரையின் பெயர் இருக்கும், அரசரின் பெயர் இருக்கும், சில வேளை சிவிங்கியின் பெயர்கூட இருக்கும். வழிகாட்டியவனின் பெயர் இருப்பது அரிது.

இரண்டாம் வேலை பழக்குவது. பிடித்த விலங்கின் கண்களைத் தோல் முகமூடியால் மூடிக் கயிற்றுக் கட்டிலில் கட்டிவைப்பார்கள். காட்டில் வைத்தன்று, ஊர் நடுவே. மனிதக் குரல் அதற்குப் பழக வேண்டும் அல்லவா? பெண்களும் பிள்ளைகளும் அருகில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். உறங்கவிடாமல் இரவும் பகலும் விழிக்க வைப்பார்கள். நீண்ட பிடியுள்ள மர அகப்பையில் இறைச்சி வைத்து ஊட்டுவார்கள். நாளடைவில் சினம் தணிந்து, வளர்ப்பவனின் குரலுக்கு அது தலை சாய்க்கும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். அக்பரின் ஆட்கள் பதினெட்டே நாளில் முடித்ததாக அபுல் ஃபஸ்ல் பெருமையோடு எழுதுகிறார்.

மூன்றாவது, பருவம் பார்ப்பது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நிலம் சேறாயிருக்கும், வண்டி ஓடாது. அந்நாட்களில் வண்டிகளைச் செப்பம் செய்வார்கள். முகமூடிகளையும் கழுத்துப் பட்டைகளையும் புதுப்பிப்பார்கள். தை பிறந்து அறுவடை முடிந்ததும் வயல் வெறும் தாளடியாகும், புல் காயும், மான்கள் வெளியே வந்து மேயும். காலைக் குளிர் விலகுமுன் வேட்டை தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் சிவிங்கி ஓடாது. அதன் வேகமே அதன் உடலைக் கொதிக்கச் செய்துவிடும்.

வேட்டை நாளன்று சிவிங்கி மாட்டு வண்டியில் அமர்ந்து போகும். குதிரைமீது வருபவனைக் கண்டால் மான் ஓடும். உழவனின் வண்டியைக் கண்டு அது ஓடுவதில்லை. அன்றாடம் பார்த்துப் பழகிய வண்டி தானே! நேரே போகாமல் வளைந்து வளைந்து நெருங்கி, இருநூறு கெஜத்துக்குள் வந்ததும் முகமூடியை நீக்குவார்கள். சிவிங்கி மானைப் பார்க்கும், நழுவி இறங்கும், பிறகு ஒரு பாய்ச்சல். ஒரு நிமிடத்துக்குள் வெற்றி தோல்வி முடிந்துவிடும். தவறிவிட்டால் அது தொடர்ந்து துரத்தாது. கோபித்த குழந்தைபோல் அங்கேயே படுத்துக்கொள்ளும். வளர்ப்பவன் சென்று தட்டிக்கொடுத்து அழைத்து வர வேண்டும். மானைப் பிடித்துவிட்டாலோ தொண்டையைக் கவ்வியபடி விடாது கிடக்கும். அவன் ஓடிச் சென்று, உயிர் பிரியுமுன் முறைப்படி அறுத்து, வழியும் இரத்தத்தை அகப்பையில் ஏந்தி அதன் வாயருகே நீட்டுவான். மனிதனுக்கு விலக்கப்பட்ட இரத்தம் விலங்குக்குக் கூலியாகும். அது அகப்பையில் வாய் வைக்கும் வேளையில் முகமூடி மீண்டும் கண்ணை மூடிவிடும்.

இக்கலையின் ஒரு காட்சி சென்னையிலிருந்து கடல் கடந்தும் சென்றது. சென்னைக் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், நாடு திரும்பியபின் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிவிங்கி ஒன்றைப் பரிசளித்தார். 1764-இல் விண்ட்ஸர் பூங்காவில் அதை ஒரு கலைமான்மீது ஏவிப் பார்த்தார்கள். நம் நாட்டு வெளிமானை அறிந்த அந்தச் சிவிங்கியைச் சீமையின் பெரிய மான் கொம்பால் முட்டி விரட்டிவிட்டது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அந்தச் சிவிங்கியை வரைந்த படம் இன்று மான்செஸ்டர் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளுடை அணிந்த இந்தியர் இருவர் சிவிங்கியின் அருகில் நிற்கின்றனர். ஒருவர் சிவப்பு முகமூடியை நீக்கிப் பிடித்திருக்கிறார். மற்றவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். விலங்கு பரிசாகப் போயிற்று. அதன் மொழி அறிந்த மனிதரும் உடன் போக வேண்டியதாயிற்று. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் வேட்டைச் சிவிங்கிகளும் வெற்றி பெற்றோர் கைக்கு வந்தன.

இத்தனை ஆயத்தங்களுள் விடுபட்டது எது?

சிவிங்கி சிறைப்பட்ட நிலையில் குட்டி ஈனுவது அன்று மிக அரிது. அக்பர் தம் வாழ்நாளில் 9,000 சிவிங்கிகளைச் சேர்த்தார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அத்தனை இருந்தும் அவை குட்டி ஈன்றதில்லை. 1613-ஆம் ஆண்டளவில், கட்டு அவிழ்ந்த ஓர் ஆண் சிவிங்கி பெண்ணோடு கூடி மூன்று குட்டிகள் பிறந்ததை ஜஹாங்கீர் அதிசயமாகப் பதிந்திருக்கிறார். அதன்பின் சிறையில் சிவிங்கி ஈன்றதாக நாம் படிப்பது 1956-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில்தான். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு இடைவெளி!

இதன் பொருள் என்ன? அரண்மனை முற்றத்தில் கட்டப்பட்ட ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்து கழிக்கப்பட்ட ஒன்று. அதுவும் வளர்ந்து குட்டி ஈனும் வயதை எட்டிய ஒன்று. ஒன்று இறந்தால் இன்னொன்றைப் பிடித்தார்கள். கணக்குப் பிள்ளை இறைச்சிக்குக் கணக்கு எழுதினார். காட்டில் எத்தனை மிச்சம் என்று எழுத ஏடு இல்லை. பிற்காலத்தில் துப்பாக்கி வந்தது, மான் குறைந்தது, புல்வெளி உழுநிலமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் கோலாப்பூர், பாவநகர் போன்ற சமஸ்தானங்கள் வேட்டைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியா சமஸ்தானத்து அரசர் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். 1952-இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போயிற்று என்று அறிவிக்கப்பட்டது.

அதே 1952-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. கர்க்பாட்ரிக் என்பவர் எழுதியது. சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கி காணப்பட்டதைச் சொல்லும் குறிப்பு அது. அன்று திருத்தணி இருந்தது அந்தச் சித்தூர் மாவட்டத்தில்தான். நாடு முழுவதும் கதை முடிந்தது என்று சொன்ன வேளையில், இச்சீமை தன் கடைசி விருந்தாளியை ஒருமுறை வெளியே காட்டிற்று போலும். ஜமீன்களோ அதற்கு முன்பே, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்திருந்தன. அரசரும் போனார், அவர் வேட்டை விலங்கும் போயிற்று.

உயிருள்ள எதனையும் குறி பார்த்துப் பழகும் இலக்காக்க வேண்டாமென்று தடுத்தவர்கள் நம் நபிபெருமானார் (ஸல்) அவர்கள். உணவுக்கு வேட்டை அனுமதி; வீம்புக்கு அன்று. அந்த எல்லைக்கோட்டை மறந்தவர்களுள் நம் பெருமைக்குரிய சுல்தான்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழிவில்லை. முன்னோரின் கலைத்திறனைப் போற்றும் நாம், அவர்களின் கணக்குப் பிழையையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானைக் காத்தது. இன்று சென்னைக் கிண்டியிலும் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் அவற்றைக் காணலாம். சிவிங்கிக்கு அச்சட்டம் இருபது ஆண்டு பிந்தி வந்தது. நம் நாட்டில் வாழ்ந்த ஆசியச் சிவிங்கி இனம் இப்போது ஈரானில் மட்டும் மிகச் சொற்பமாக எஞ்சியிருக்கிறது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 வந்தன. 2023 மார்ச்சில் அங்கே குட்டிகள் பிறந்தன என்ற செய்தி வந்தது. நாடே அந்தக் குட்டிகளை எண்ணிப் பார்த்தது. முன்னோர் எழுதாமல் விட்ட ஏடு இப்போதுதான் திறக்கப்பட்டிருக்கிறது.

திருத்தணிச் சீமை வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூருக்குப் போயிற்று. 1960-இல் செங்கற்பட்டுக்கு வந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டமாயிற்று. மண்ணை யார் பெயரில் எழுதுவது என்று நாம் பலமுறை வழக்காடினோம். அந்த மண்ணில் ஓடிய விலங்குக்காக வழக்காட அன்று ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த முறை அந்தப் படிகளுக்கருகே பேருந்தில் நாம் செல்ல நேர்ந்தால், மேட்டுப்புறத்து முட்புதர்களைச் சற்று நின்று பார்ப்போம். அங்கே இன்னும் கௌதாரி கூவுகிறது; முயல் ஓடுகிறது. எஞ்சியவற்றுக்கேனும் கணக்கு எழுதுவோம்.