நெல் மூட்டுப்பூச்சி

இலங்கை வயல்களில் நெற்கதிரின் பாலை உறிஞ்சும் பூச்சி. தமிழ்நாட்டில் கதிர் நாவாய்ப்பூச்சி, சிங்களத்தில் கொயம் மெஸ்ஸா. மெலிந்த உடல், நீண்ட கால்கள், நீண்ட உணர்கொம்புகள். நிறம் பச்சை கலந்த பழுப்பு. தொட்டால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் விடும். கதிர் பூத்த வயலின் வரம்பில் நடந்தாலே அந்த நாற்றம் தெரிந்துவிடும்.

பூக்கும்வரை இதன் இருப்பிடம் பயிரன்று, களை. வரம்புப் புல்லிலும் நெற்சப்பியிலும் பசியாறி, கதிர் பால் பிடித்ததும் வயலுக்குள் இறங்கும். காலையிலும் மாலையிலும் மேயும். உச்சி வெயிலில் பயிரின் அடியில் பதுங்கும். முட்டைகள் இலையில் வரிசையாக ஒட்டியிருக்கும். குஞ்சும் தாயும் ஒருசேர உறிஞ்ச, மணி பதராகும். தப்பிய அரிசியிலும் கறை விழும்.

கொழும்பை அடுத்த கடுவெல, ஹோமாகமப் பக்கம் இன்றும் வயல்கள் உண்டு. அங்கே தரிசாக விட்ட வயல்களின் புல் இதற்கு வாய்ப்பான புகலிடம். மருந்தை நம்புவதைவிட, பூக்குமுன் வரம்பைச் செதுக்குவதும் அயலவரோடு சேர்ந்து ஒரே காலத்தில் விதைப்பதுமே நல்ல வழி. முந்திப் பூக்கும் தனி வயலில்தான் முதலில் கூட்டம் மொய்க்கும்.