எத்தனை மாதம்? சுவாசப்பைப் புற்றுநோயும் கீமோவின் கணக்கும்

எங்கட வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடினது: "அப்பப்பாவுக்குக் கீமோ குடுக்கிறதோ, விடுறதோ?" சித்தப்பா வேண்டாமெண்டார், மனுசன் தாங்கமாட்டார் எண்டு. கனடாவில இருந்து வட்ஸ்அப்பில வந்த மாமி, "இங்கையெண்டா குடுக்காமல் விடமாட்டினம்" எண்டா. அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. அப்பப்பா உள்ளுக்கு, சாய்மனைக் கதிரையில். "நெஞ்சில சளி கட்டியிருக்கு" எண்டுதான் அவருக்குச் சொல்லியிருந்தம்.

அவர் இளந்தாரியா இருக்கேக்கை கொக்குவிலில் சுருட்டுச் சுத்தினவர். இண்டைக்குக் கொக்குவில் எண்டால் கோயிலும் இந்துக் கல்லூரியும்தான் எங்கட வயதுக்காரருக்கு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் இந்த ஊர் சுருட்டுக்குப் பேர் போனது. குடாநாட்டுப் புகையிலை கொட்டிலுக்கு வந்து, கோடா போட்டு, சுருட்டாகி, பெட்டியில் அடுக்கித் தெற்குக்குப் போகும். கை வேலை செய்ய, ஒராள் பேப்பர் வாசிக்க, மற்றாக்கள் கேட்டுக்கொண்டே சுத்துவினமாம். அப்பப்பாவின்ர அரசியல் முழுக்க அங்க கேட்டதுதான். சுருட்டுக் குடிக்கிறவை பெரும்பாலும் புகையை உள்ளுக்கு இழுக்கிறதில்லை, அதால வாயும் தொண்டையும்தான் கூடப் பாதிக்கும். ஆனா சுவாசப்பையையும் அது சும்மா விடுறதில்லை.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, "குடுக்கிறதோ விடுறதோ" எண்ட கேள்விக்கே ஒரு வரலாறு இருக்குமோ எண்டு தேடத் தொடங்கினேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வேற என்ன தெரியும்.

கதை நச்சு வாயுவில் தொடங்குது. முதலாம் உலகப்போரில் ஆக்களைக் கொண்ட மஸ்டாட் வாயு இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கிறதைக் கவனித்திருந்தார்கள். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் அதன் உறவுக்கார மருந்தான நைட்ரஜன் மஸ்டாட்டை நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி கரைந்தது, பேந்து திரும்பி வந்தது. போர் முடிய, நியூயோர்க்கில் டேவிட் கார்னொவ்ஸ்கியும் கூட்டாளிகளும் அதே மருந்தைச் சுவாசப்பைப் புற்றுநோய்க்காரருக்குக் குடுத்து, 1948இல் கட்டுரை எழுதினார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது மருந்தில்லை, அளவுகோல். கட்டி முழுசாகக் கரையவில்லை, ஆனா சிலருக்கு மூச்சு இலகுவானது, இருமல் குறைந்தது. இதை எப்படி எண்ணுறது? நூறிலிருந்து பூச்சியம் வரை பத்துப் பத்தாக இறங்கிற ஒரு ஏணியை வைத்தார்கள். 100 எண்டால் ஒரு குறையும் இல்லை. 70 எண்டால் தன்னைத் தான் பார்ப்பார், வேலைக்குப் போகேலாது. 50 எண்டால் அடிக்கடி ஆள் உதவி வேணும். பூச்சியம் எண்டால் தெரியும்தானே. இண்டைக்கும் உலகம் முழுக்க டொக்டர்மார் பாவிக்கிற கார்னொவ்ஸ்கி அளவுகோல் இதுதான். "ஆள் எப்படி இருக்கிறார்" எண்ட வீட்டுக் கேள்வி மருத்துவத்தில் எண்ணாகினது சுவாசப்பைப் புற்றுநோய்க்காரரின் கட்டிலடியில்.

ஆனா மருந்தால்தான் சுகமோ, இல்லையெண்டாலும் அப்படித்தான் இருந்திருக்குமோ? அதைச் சொல்ல, ஒரு கூட்டத்துக்குக் குடுத்து இன்னொரு கூட்டத்துக்குக் குடுக்காமல் விட்டுப் பார்க்கவேணும். யாருக்கு எது எண்டதை எழுமாறாகத் தீர்மானிக்கவேணும். அந்த முறையை 1948இல் பிரித்தானியாவில் கசநோய் மருந்தான ஸ்ட்ரெப்ரோமைசினில் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில். 1950இல் ரிச்சர்ட் டோலோடு சேர்ந்து புகைத்தலையும் சுவாசப்பைப் புற்றுநோயையும் முடிச்சுப்போட்டவரும் இவர்தான்.

இந்த முறை தமிழாக்களிட்டை வந்தது புற்றுநோயோடையில்லை, கசநோயோடு. 1956இல் சென்னையில் ஒரு நிலையம் தொடங்கினது. அதின்ர பேரே 'காசநோய் கீமோதெரபி நிலையம்'. சென்னைச் சேரிகளில் ஒரு அறைக்குள்ள குடும்பமே படுக்கும், சானற்றோறியத்தில் கட்டில் காணாது. அதால அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: வீட்டிலேயே வைத்து மருந்து குடுத்தால் காணாதோ? 193 நோயாளரை எழுமாறாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சானற்றோறியத்துக்கும் மறுபகுதியை வீட்டுக்கும் விட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே அளவு நல்லது. உலகம் கசநோய்க்கு மருந்து குடுக்கிற விதத்தையே அது மாற்றினது. ஏழைகளின்ர வீட்டு நிலைமையில் இருந்து கேள்வி பிறந்ததாலதான் அந்தப் பதில் கிடைத்தது எண்டு நான் நினைக்கிறன்.

புற்றுநோயில் அப்படி ஒரு தெளிவான பதில் வர கனகாலம் எடுத்தது. 1965இல் ரோசன்பேர்க் எண்ட ஆய்வாளர் மின்சாரம் பக்ரீரியாவை என்ன செய்யும் எண்டு பார்க்கப் போய், மின்வாயில் இருந்த பிளாட்டினம்தான் அதுகள் பிரிவதை நிற்பாட்டுது எண்டு கண்டார். அதில இருந்து வந்தது சிஸ்பிளாட்டின். எழுபதுகளின் கடைசியில் அது சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் வந்தது. சத்தி, சிறுநீரகக் கோளாறு, கை கால் விறைப்பு. "கடைசிக் காலத்தில் மனுசரை வதைக்கிறதோ" எண்டு கேட்ட டொக்டர்மார் அங்கையும் நிறையப் பேர். எங்கட சித்தப்பா மட்டுமில்லை.

1995இல் 52 ஆய்வுகளில் இருந்த 9387 பேரின் தரவை ஒண்டாக்கிப் பார்த்தார்கள். நோய் முற்றினவர்களில் சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோ எடுத்தால், ஒரு வருசம் முடிய நூற்றுக்குப் பத்துப் பேர் கூட உயிரோடு இருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொண்டும் தெரிந்தது: மஸ்டாட் வழி வந்த பழைய மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீண்ட காலம் குடுத்தது ஆயுளைக் குறைத்திருந்தது. நல்லெண்ணத்தோடு குடுத்த மருந்துதான்.

2002இல் அமெரிக்காவில் 1207 பேரில் நாலு விதமான பிளாட்டினக் கூட்டுகளை மோதவிட்டார்கள். ஒண்டும் வெல்லவில்லை. இடைய ஆயுள் 7.9 மாதம், அதாவது அரைவாசிப் பேர் அதுக்கு முதலே போய்விட்டார்கள். எண்ணைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொரு விசயம். கட்டில் கதிரையோடு நாளின் ஒரு பகுதியைக் கழிக்கிற பலவீனமான நோயாளரைச் சேர்க்கிறதை இடையில் நிற்பாட்டினார்கள், பக்கவிளைவு கூடினதால. அப்ப அப்பப்பா மாதிரி ஆளுக்கு அந்த 7.9 பொருந்துமோ?

2010இல் பொஸ்ரனில் வந்த ஒரு சின்ன ஆய்வு, 151 பேர். வழமையான சிகிச்சையோடு, தொடக்கத்திலேயே வலி தணிப்பு மருத்துவக் குழு ஒண்டையும் சந்தித்தவர்கள் 11.6 மாதம், சந்திக்காதவர்கள் 8.9 மாதம். அந்தக் குழு செய்த பெரிய வேலை, நோயாளரோடு இருந்து கதைத்தது: என்ன வருத்தம், எதுக்குப் பயம், என்ன வேணும். முதல் கூட்டத்தில் கடைசி நாட்களில் கடும் சிகிச்சை எடுத்தவர்களும் குறைவு. எங்கட வீட்டில நடந்தது நேரெதிர். வருத்தக்காரரைத் தவிர எல்லாரும் கதைத்தம்.

இதுக்கிடையில் ஆசியாவில் வேறொரு கதை. 2009இல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வில் 1217 பேர், பெரும்பாலும் ஒருநாளும் புகைக்காதவர்கள். ஈஜிஎப்ஆர் எண்ட மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்குக் கீமோவைவிட ஜெபிற்றினிப் மாத்திரை நல்லது, மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோதான் நல்லது. ஜப்பான், சீனா, தாய்லாந்து, மலேசியா எல்லாம் அதில இருந்தது. இந்தியாவும் இலங்கையும் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் மும்பை டாட்டா மெமோரியல் வருது. வனிதா நொரொன்ஹா, குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு 2016 தொடக்கம் 2018 வரை அந்த மாற்றம் உள்ள 350 பேரைச் சேர்த்தது. ஒரு பகுதிக்கு மாத்திரை மட்டும், மறுபகுதிக்கு மாத்திரையோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் எண்ட கீமோ. நோய் அடங்கியிருந்த காலம் எட்டு மாதத்தில் இருந்து பதினாறாகினது. விலை கூடின புது மருந்து இல்லை, இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கிற பழைய மருந்துகள்தான். பலவீனமான நோயாளரும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தார்கள். சும்மா கிடைத்ததில்லை: கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப்பேருக்குக் கடும் பக்கவிளைவு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் கால்வாசிப்பேருக்கு. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜப்பானிலும் இதே கேள்வியைக் கேட்டு இதே பக்கமான பதிலை எடுத்தார்கள். சென்னை 1956க்குப் பிறகு எனக்கு மனசு நிறைந்த இடம் இது.

எங்கட பக்கம் நெடுங்காலம் கதையே வேற. கான்சர் எண்டால் மகரகமவுக்குப் பஸ் ஏறவேணும். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' எண்ட நடைபவனி நடந்து, அந்தக் காசில் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பினது. ட்ரெயில் வந்திட்டுது, இனி ட்ரயல் வரவேணும் எண்டு நான் பகிடி விட்டால் பெடியள் முறைக்கிறாங்கள். ஆனா ட்ரயலில் ஒராளைச் சேர்க்கிறதெண்டால் முதலில் அவருக்கு என்ன வருத்தமெண்டு சொல்லி, அவரிட்டைச் சம்மதக் கையெழுத்து வாங்கவேணும். "சளி கட்டியிருக்கு" எண்டு சொல்லிவைத்த வீட்டில அது நடக்காது.

அப்பப்பாவுக்கு இரண்டு தரம் ஏற்றினம், மூன்றாவதுக்கு உடம்பு இடம் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகு நாலு மாதமும் சில நாட்களும் இருந்தார். கடைசி மட்டும் நாங்கள் ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லை. பின்னேரத்தில் பேப்பரை விரிச்சு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார், "பிள்ளை, கண் தெரியுதில்லை, வாசி" எண்டு. நான் மரண அறிவித்தல் பக்கத்தைத் தாண்டி வாசிப்பன். "அதையும் வாசி" எண்டார் ஒருநாள்.