விபத்துச் சட்டத்தரணி: பணமா, அறமா?

றிச்மண்ட் ஹில்லிலும் அதன் அயல் நகரங்களிலும் வாழும் எம்மவர், தமிழ்ப் பத்திரிகையை விரித்தவுடன் காண்பது விபத்துச் சட்டத்தரணிகளின் விளம்பரங்களையே. வழக்கில் வென்றால் மட்டுமே கட்டணம் என்பது அவற்றின் வாக்குறுதி. இவர்களை இயக்குவது பணமா, அறமா என்ற ஐயம் எம்மிடையே எழுவதுண்டு. இவ்வையம் புதியதன்று, பல நூற்றாண்டுப் பழைமை உடையது.

மத்திய கால இங்கிலாந்தில் செல்வாக்குடைய பிரபுக்கள் பிறரது வழக்குகளுக்குத் துணைநின்று, வென்ற காணியிற் பங்கு பெற்றனர். நீதிமன்றம் கொள்ளைக்குக் கருவியாவதைத் தடுக்க, வழக்கின் பயனிற் பங்கு கேட்பதைச் சட்டம் விலக்கிற்று. ஒன்ராறியோவும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அத்தடையைப் பேணி வந்தது. நோக்கம் நல்லதே. ஆயின் விளைவு யாது? பணமுள்ளவர் சட்டத்தரணியை அமர்த்தினர்; காயமுற்ற ஏழையோ வீட்டில் முடங்கினார்.

கட்டணம் கேளாது வழக்குரைத்தோரும் இருந்தனர். கிளாஸ்கோ நகரின் வோல்ட்டர் லீச்மன் அவர்களுள் ஒருவர். குளிர்பானப் போத்தலில் எலி கிடந்ததென அவர் நடத்திய வழக்கு 1929 மார்ச்சில் தோற்றது. மூன்று வாரத்துள் அதுபோன்ற இன்னொரு வழக்கைத் தொடுத்தார். 1928 ஓகஸ்டில், பெய்ஸ்லி நகரின் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் மே டொனகியூ என்னும் பெண் அருந்திய ஜிஞ்சர் பியர் போத்தலிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததென்றும், அதனால் அவர் நோயுற்றாரென்றும் அவ்வழக்குக் கூறிற்று. பானத்தை வாங்கிக் கொடுத்தவர் தோழி. ஆதலால் எவரோடும் டொனகியூவுக்கு ஒப்பந்தம் இல்லை. அன்றைய சட்டத்தில் அவருக்கு வழி அடைபட்டே இருந்தது. அவர் வறியவர் என்பதை ஏற்று, பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவரது முறையீட்டைக் கேட்டது. 1932 மே 26இல், மூவர் ஆதரிக்க இருவர் மறுக்க, தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. எமது செயலாற் பாதிப்புறக் கூடியவர் எமது அயலவரே. அவருக்கு ஊறு நேராமற் காப்பது கடமை என்பதே அட்கின் பிரபுவின் தீர்ப்பின் சாரம். கனடாவின் கவனயீனச் சட்டமும் இவ்வத்திவாரத்தின் மேலேயே நிற்கின்றது.

ஆயினும், ஒரு சிலரின் ஈகையை மட்டும் நம்பி ஒரு சமுதாயம் நீதியை நடத்த முடியாது. கணவனைப் புற்றுநோய்க்கு இழந்த பெண்ணொருவர் புகையிலை நிறுவனமொன்றின் மேல் வழக்குத் தொடர விழைந்தபோது, பங்குக் கட்டணம் சட்டவிரோதமா என்ற வினா ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. உள்நோக்கத்தையே ஆராய வேண்டும். நியாயமான கட்டணத்தை நாடுவது மட்டும் தீய நோக்கமாகாது என 2002இல் நீதிமன்றம் தீர்த்தது. 2004 ஒக்ரோபரில் இதற்கான ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஆகவே, பணமும் அறமும் ஒருவரிடத்தே சேர்ந்து உறையலாம் என்பதே வரலாறு தரும் விடை. பங்கு பெறுபவர் வெற்றிக்காக உழைப்பார். குறைந்த தொகைக்கு விரைந்து முடிக்கவும் விழையலாம். ஆதலால் நாம் கேட்க வேண்டியவை சில உள. கட்டணம் எத்தனை வீதம்? தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை இறுப்பவர் யார்? இவை எழுத்தில் உள்ளனவா? சமரசத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் காயமுற்றவருக்கே உரியது.

நட்டஈட்டு வழக்கிற்கு ஒன்ராறியோவிற் பொதுவாக இரண்டு ஆண்டுகளே காலவரை. குடியுரிமை இன்மை வழக்குத் தொடரத் தடையன்று. அகதி என்ற அச்சத்தால் வாய்மூடி இருப்போர்க்கு அவ்விரண்டு ஆண்டுகளும் வீணே கழிந்துவிடும். கையில் காசின்றி நீதிமன்றம் ஏறிய டொனகியூவின் வழக்கு இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர்க்குப் பாடமாக உள்ளது. அது எமக்கும் பாடமாகட்டும்.