வினா, விடை, காட்டு

இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் என்பது என் வேலையின் பெயர். ஆத்தூரில் அதைச் சொன்னால், “கம்ப்யூட்டர்ல பாடம் போடுற வேலை” என்று சுருக்கிக்கொள்வார்கள். பாதி சரிதான். பாடத்தின் சரக்கைத் துறை வல்லுநர் கொடுத்துவிடுவார். அதைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறவர் எந்த இடத்தில் முழிப்பார் என்று முன்கூட்டியே ஊகித்து, அங்கே ஒரு கேள்வியையோ உதாரணத்தையோ வைப்பது என் பங்கு. இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு மதியத்துக்குள் பாடம், குரல், வினாத்தாள் எல்லாம் செய்துவிடுகிறது. “உன் வேலை இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி பழசாகத் தெரிகிறது.

நன்னூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காண்டிகையுரையில் என்னென்ன வரும் என்று அது சொல்கிறது: கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை. காட்டு என்றால் உதாரணம். வினா யாருடையது என்பதுதான் சுவாரசியம். எதிரே மாணவர் இல்லை. அவருக்கு வரப்போகும் சந்தேகத்தை உரைகாரரே கேட்டு, அவரே பதிலும் சொல்கிறார். எங்கள் தொழிலுக்கு முன்னோர் தேட அமெரிக்கா வரை போக வேண்டாம்.

நம் ஊர்களுக்குத் தூரத்துப் படிப்பு தபாலில்தான் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல். அப்போது ஆத்தூரும் மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. “கரஸ்ல படிச்சேன்” என்று சொல்லும் ஒரு தலைமுறையே இங்கே உண்டு. என் அத்தை அதில் ஒருத்தி. அவள் பாடக்கட்டுகளின் ஓரமெல்லாம் பென்சில் கேள்விக்குறிகள். நேர்முக வகுப்பில் கேட்பதற்காகப் போட்டு வைத்தவை.

இணையத்துக்கு நாம் தாமதமாக வரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் வா.செ. குழந்தைசாமி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்பதால், தொலைவில் இருக்கும் மாணவர் அவருக்குப் புதியவர் அல்லர். அந்தப் பாடங்களை இன்றும் திறந்து பார்க்கலாம். இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது, படித்தால் என்ன கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சில பகுதிகள் தாண்டியதும் தன் மதிப்பீட்டு வினாக்கள் வந்து நிறுத்தும். நடை சில இடங்களில் பழைய கைடு மாதிரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் டயல்-அப் காலத்தில், ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஒரு பிள்ளையை மனதில் வைத்து யாரோ அந்தச் சட்டகத்தைப் போட்டிருக்கிறார்கள்.

நான் நேரடியாக அனுபவித்த வடிவமைப்பில் மின்சாரமே கிடையாது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டைமுறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னெடுத்தார். 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவி, எங்கள் வகுப்புக்கும் வந்தது. சுவரில் ஏணிப்படி அட்டவணை, தட்டுகளில் படம் போட்ட அட்டைகள், தரையில் பாய். ஒவ்வொருத்தரும் அவரவர் படியில் நிற்கலாம். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் அட்டைக்கு ஒரு குழு, கொஞ்சம் உதவி போதுமென்றால் வேறு குழு, கூட்டாளியிடம் கேட்டுச் செய்வதற்கு ஒன்று, தானே செய்வதற்கு ஒன்று. கைத்தாங்கலைச் சிறுகச் சிறுக எடுத்துவிடும் அந்த ஏற்பாட்டை, இன்றைய பல கற்றல் செயலிகளைவிட ஒரு படி மேலாகவே வைப்பேன். பிள்ளைகள் திணறுவதைத் தினமும் பார்த்த ஆசிரியர்களுக்கும் அந்த அட்டைகளை உருவாக்கியதில் பங்கு இருந்தது.

அதே 2003-இல் ஐஐடிகள் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. நல்ல பேராசிரியர், கேமரா. வாராந்தர ஒப்படைப்பும் தேர்வுச் சான்றிதழும் 2014-இல்தான் சேர்ந்தன. 2018-இல் பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அடுத்த ஆண்டு ஊரடங்கு. சித்தப்பா செம்பட்டிக்கு வேலைக்குப் போனால் வீட்டில் இருந்த ஒரே போனும் கூடவே போய்விடும்; தங்கச்சிக்கு டிவிதான் வகுப்பு. பாடத்தை நிறுத்தி அவள் எதையும் கேட்க முடியாது. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி, தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக உட்கார வைத்தது. திரைகள் இருந்தும் மனிதர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

இன்றைய இயந்திரம் கேட்ட கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லும். கேட்கத் தெரியாமல் முழிப்பவரை என்ன செய்யும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதனால் எழுதுகிற நேரத்தைக் குறைத்துக்கொண்டு, படிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற நேரத்தைக் கூட்டியிருக்கிறேன். போன மாதம் பின்னங்கள் பற்றி ஒரு பாடம். வினாக்களை இயந்திரம் எழுதியது. எதிர்வீட்டு ஆறாம் வகுப்புக்காரி பத்துக்குப் பத்து வாங்கினாள். ஒரு கொய்யாவை நாலாக வெட்டி, “இதில் முக்கால் கொடு” என்றேன். ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“அப்புறம் எப்படிடீ பத்து வாங்கின?”

“எது நீளமா இருக்கோ அதான்க்கா சரியான விடை. எல்லாத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு.”

திரும்பிப் பார்த்தேன். பத்திலும் அப்படித்தான் இருந்தது.