அழையாக் கடிதங்கள்: தபாலட்டை முதல் மின்னஞ்சல் வரை

கணினியைத் திறந்தவுடன் நம்மிற் பலர் செய்யும் முதல் வேலை குப்பை அள்ளுவது. கேட்காமலே வந்த விளம்பரம், வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு, முகமறியாத ஒருவர் விட்டுச்சென்ற கோடிக்கணக்கான சொத்து என நாள்தோறும் வந்து குவிகின்றன. தமிழ்க் கணிமையாளர் இதற்கு 'எரிதம்' என்று பெயரிட்டனர். இது கணினியோடு பிறந்த நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாற்றைப் பார்த்தால் நோய் மிகப் பழையது; கணினி அதன் செலவை மட்டுமே இல்லாமற் செய்தது.

காசுக்கட்டளைக் காலம்

நான் பிறந்த புங்குடுதீவு கடிதத்தால் வாழ்ந்த ஊர். வானம் பார்த்த பூமி, நன்னீர் அரிது. எனவே ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து அவர்களின் கடிதங்களும் காசுக்கட்டளைகளும் ஊர் வந்து சேர்ந்தன.

அக்காலக் கடிதத்திற்கு மூன்று காவல்கள் இருந்தன. முத்திரைக்கு எழுதியவரே காசு கொடுத்தார். கையெழுத்தை வீட்டார் அறிந்திருந்தனர். கொண்டுவந்து கொடுத்த தபாற்காரரை ஊரே அறிந்திருந்தது. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் வீண் தந்தி வருவதில்லை. தந்தி என்றாலே சாவுச் செய்தியோ என்று வீடு பதறியது.

இந்தக் காவல்களையும் மீறி நுழைந்தது சங்கிலிக் கடிதம். தெய்வத்தின் பெயரால் எழுதப்பட்டிருக்கும். இத்தனை பிரதி எழுதி இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் வரும், கிழித்தெறிந்தால் கேடு வரும் என்றிருக்கும். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஆசிரியபீடத்திற்கும் இவை வருவதுண்டு. அனுப்பியவர் பெயர் மட்டும் இராது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1935 இல், பத்து சத நாணயத்தை அனுப்பச் சொன்ன சங்கிலிக் கடிதம் பரவித் தபாற்கந்தோரையே திணறடித்தது. ஆனால் எழுதுபவரின் கையோ காசோ ஓய்ந்தவுடன் சங்கிலியும் அறுந்தது.

பண ஆசை காட்டும் கடிதமும் புதிதன்று. 'ஸ்பானியக் கைதி' என்ற மோசடி 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் பெயர்பெற்றது. செல்வந்தர் ஒருவர் சிறையில் வாடுகிறார், மீட்கச் சிறிது பணம் தாருங்கள், பின்னர் பெரும்பங்கு உங்களுக்கே என்பது அதன் சாரம். நைஜீரியக் குற்றவியற் கோவையின் 419ஆம் பிரிவால் பெயர்பெற்ற இன்றைய மோசடி அதே கதைதான். கைதிக்குப் பதிலாக இறந்துபோன அதிகாரியின் வங்கிக் கணக்கு. அது முதலில் தபாலிலும் தொலைநகலிலும் வந்து, பிறகே மின்னஞ்சலுக்கு மாறியது.

விளம்பரமும் அப்படியே. 1864 இல் லண்டனில் அரசியற் பிரமுகர்களின் வீட்டுக் கதவைத் தட்டிய தந்தியில் இருந்தது ஒரு பல் வைத்தியசாலையின் விளம்பரம்!

செலவு கைமாறியது

1978 மே 3 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற் வலையமைப்பில், டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தேர்க் என்பவர் தமது நிறுவனத்தின் புதிய கணினிகளை அறிமுகப்படுத்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முதலாவது எரிதம் என இதனையே கொள்வர். 1994 ஏப்ரலில் அமெரிக்கச் சட்டத்தரணிகள் இருவர் குடிவரவு அனுமதி பற்றிய விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெற் செய்திக்குழுக்களில் ஒரேயடியாகக் கொட்டினர். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்பாம்' என்ற பெயர், 1937 இல் சந்தைக்கு வந்த தகரத்திலடைத்த இறைச்சியினுடையது. 1970 இல் மொன்ரி பைதன் குழுவினர் தம் நகைச்சுவைக் காட்சியொன்றில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கூவி மற்றப் பேச்சையெல்லாம் மூழ்கடித்தனர். அதுவே இதற்குப் பெயராயிற்று.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முத்திரைச் செலவு அனுப்புபவரிடமிருந்து நீங்கியது. நேரம், கவனம், சில வேளைகளில் சேமிப்பு முழுவதும் என அந்தச் செலவு பெறுபவர் தலையில் விழுந்தது. ஆயிரத்தில் ஒருவர் ஏமாந்தால்கூட அனுப்பியவருக்கு இலாபந்தான்.

நமக்கு நேர்ந்தவை

1991 இல் இராணுவம் புங்குடுதீவைக் கைப்பற்றியபோது மக்கள் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறினர். ஒரே ஊரார் கொழும்பு, ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், லண்டன் எனச் சிதறினர். அவர்களை மீண்டும் கோத்த நூல்களில் மின்னஞ்சலும் ஒன்று.

அந்நாளில் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் எழுதினோம். அதே எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரியும். 2002 இல் போல் கிரகாம் என்பவர், சொற்களின் நிகழ்தகவைக் கணித்து எரிதத்தைப் பிரிக்கும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். வடிகட்டிகள் அவ்வழியே வளர்ந்தன. ஆங்கிலத்திற் பழகிய வடிகட்டிக்குப் பாமினிக் கடிதம் பொருளற்ற எழுத்துக் குவியலே. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ் கணினிக்கும் தமிழாகத் தெரிந்தது.

மடற்குவியல் ஆயுதமாகவும் பயன்பட்டது. 1990களின் பிற்பகுதியில் 'இணையக் கரும்புலிகள்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழு, இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்களை இரு வாரங்கள் அனுப்பியதாகச் செய்திகள் வெளிவந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணத்தின் பெயரால் போலி மடல்கள் உலவின. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ. எச்சரிக்கை விடுத்தது. நம் கடற்கரைகளில் பிணங்களை எண்ணி முடிக்குமுன்பே அவற்றை வைத்துப் பணம் பறித்தனர்.

இரண்டு ஆண்டுகளில் எரிதம் ஒழியும் என்று 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் கூறினார். ஒழியவில்லை. 2008 நவம்பரில் மெக்கோலோ என்ற கலிபோர்னிய நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டபோது உலகின் எரிதம் ஒரே நாளிற் பாதிக்கும் மேல் குறைந்தது. சில மாதங்களில் பழையபடி பெருகியது.

காவல்களை மீண்டும் நிறுவுவோம்

இன்று ஊரில் தனித்திருக்கும் முதியவர்களின் கையிலும் திறன்பேசி உண்டு. அண்மைய ஆண்டுகளில் அவர்களுக்கு வரும் குறுஞ்செய்திகளில் ஒன்று, 'உங்கள் பொதி காத்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துக' என்பது. அது வருவது இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில்! திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் பொதிக்காகக் காத்திருக்கும் தாய்க்குத் தபாற்கந்தோரின் பெயரைவிட நம்பத்தக்க பெயர் வேறேது? தலைமுறைகள் ஈட்டிய நம்பிக்கையைத் தூண்டிற் புழுவாக்கிவிட்டனர்.

ஆகவே பழைய மூன்று காவல்களையும் நாமே மீண்டும் நிறுத்த வேண்டும்.

கையெழுத்தைப் பார்ப்பது போல அனுப்பியவரின் முழு முகவரியைப் பாருங்கள். காட்டப்படும் பெயரை நம்பாதீர்கள். உறவினர் பெயரில் அவசரப் பணம் கேட்டு மடல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள இலக்கத்திற்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள்; மடலிலுள்ள இலக்கத்திற்கு அழைக்க வேண்டாம். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

உறவினருக்கும் வங்கிக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி, கடைகளுக்கும் பதிவுகளுக்கும் இன்னொன்று என வைத்துக்கொண்டால் நேரமும் மிஞ்சும். எரிதத்திற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் எழுதுவது இம்முகவரியில் ஆள் உண்டு என்று அறிவிப்பதாகும். எரித உறையை வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நல்ல கடிதமும் அங்கே சிக்கியிருக்கக்கூடும். ஏமாற்றப்பட்டால் வெட்கப்படாமல் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். இலங்கையில் 2006 இல் தொடங்கப்பட்ட கணினி அவசர உதவி அமைப்பிடமும் முறையிடலாம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் புதிய திறன்பேசி அனுப்பும்போது, அதனோடு அரைமணி நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 'நான் பணம் கேட்டால், என் குரலைக் கேட்காமல் தர வேண்டாம்' என்று நீங்களே சொல்லிவையுங்கள். எந்த வடிகட்டியும் அந்த ஒரு வாக்கியத்திற்கு ஈடாகாது.