சைமன் சுந்தரராஜ்

தஞ்சாவூரைச் சேர்ந்தவரும், இந்தியக் காற்பந்துக் கோஷ்டியின் முன்வரிசை ஆட்டக்காரராக 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயங்களில் பங்கு கொண்டவரும், பின்னர்ப் பயிற்சியாளராய் அமர்ந்து கேரள மாநிலத்துக்கு முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை ஈட்டித் தந்தவருமான சைமன் சுந்தரராஜ், ஒலிம்பிக் அரங்கில் இந்தியா போட்ட கோல்களுள் கடைசிக் கோலுக்கு உரியவர். அந்த ஒரு விசேஷத்தினாலேயே அவர் பெயர் பொது அறிவு வினாத்தாள்களில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆயினும் அவருடைய வாழ்க்கையின் பெருங்காரியம் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் எர்ணாகுளத்தில் நிறைவேறியதே என்று கொள்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

அவர் ஆடிய காலம் இந்தியக் காற்பந்தின் சிறந்த காலம். 1948-இல் லண்டனில் பிரான்ஸுக்கு எதிராக, பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கிய கோஷ்டியில், மைசூர் மாகாணத்துக்கு ஆடிவந்த சாரங்கபாணி ராமன் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டார். 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் பெருந்தோல்வி நேர்ந்தது. அதே இந்தியா நான்காண்டுகள் கழித்து மெல்போர்னில் நெவில் டிசோஸாவின் மூன்று கோல்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவை வென்று நான்காம் ஸ்தானத்தை எய்தியது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு, பள்ளி ஆசிரியராக உத்தியோகம் பார்த்து, ஹைதராபாதிலிருந்து வந்து தேசியக் கோஷ்டியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட சையத் அப்துல் ரஹீமைச் சாரும்.

ரஹீமின் அந்தக் கோஷ்டிதான் ரோமாபுரிக்குச் சென்றது. பி. கே. பானர்ஜி தலைமை வகிக்க, சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், கேரளத்து ஓ. சந்திரசேகரன் முதலியோர் அதில் இடம்பெற்றனர். செகந்திராபாதில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமன், வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ், தஞ்சாவூர்ச் சுந்தரராஜ் ஆகிய மூவரும் ஒரே சீருடையில் இருந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கவேண்டியது அவசியம். இதை எடுத்துச் சொல்லும் நூல்கள் நம்மிடம் மிகக் குறைவு.

சீட்டுக் குலுக்கலில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு கடினமானது. முதலில் ஹங்கேரி, பிறகு பிரான்ஸ், கடைசியில் பெரு. பின்னர் வெண்கலப் பதக்கம் பெற்ற ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கிலேயே இந்தியா தோற்றது. அந்த ஒரு கோலைப் பலராமன் போட்டார். பிரான்ஸுக்கு எதிராகப் பானர்ஜியின் கோலால் முந்தி நின்று, ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்யப்பட்டு, ஜயம் கையைவிட்டு நழுவியது. செப்டம்பர் 1-ஆம் தேதி பெருவுடன் நடந்த ஆட்டத்தில், எதிரிகள் மூன்று கோல்களைப் போட்டு முடித்திருந்த நிலையில், இன்னும் சில நிமிஷங்களே எஞ்சியிருக்கையில் சுந்தரராஜ் ஒரு கோலைப் போட்டார். ஒன்றுக்கு மூன்று என்ற அந்தத் தோல்வியோடு இந்தியா ஊர் திரும்பியது.

ஆட்டத்தின் முடிவை மாற்றாத கோல் அது. போட்ட கணத்தில் அதற்கு யாதொரு முக்கியத்துவமும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அடுத்து வந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் ஈரானிடம் தோற்று இந்தியா வெளியேறியதும், அதன் பின்னர் ஒரு முறையேனும் அந்த வாயில் திறவாமலே போனதும் சேர்ந்துதான் அதற்குச் சரித்திரப் பிரசித்தியைக் கொடுத்தன. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியா போட்டவை மொத்தம் பத்தே கோல்கள். ராமனுடையது முதலாவது, சுந்தரராஜுடையது பத்தாவது. ஒரு தேசத்தின் வீழ்ச்சியே தன் ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கீர்த்தியைத் தேடித் தந்தது என்பது மனத்தை வருத்துகிற செய்தி. அவருடைய திறமையை அளக்க அந்தக் கீர்த்தி போதாது.

திறமையை அளக்க வேண்டுமானால் 1973-ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். 1941-இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பைப் பந்தயம், மாநிலங்களும் ராணுவம், ரயில்வே போன்ற ஸ்தாபனங்களும் மோதுகிற தேசியப் போட்டியாகும். வங்காளம் அதில் நெடுங்காலம் கோலோச்சியது. தெற்கே மைசூரும் ஹைதராபாதும் முன்னரே வென்றிருந்தன. கேரளமோ, காற்பந்தின்மேல் அளவிறந்த பற்றுக் கொண்ட மக்களைப் பெற்றிருந்தும், கோப்பையைக் கண்டதில்லை. அவ்வாண்டு பந்தயம் எர்ணாகுளத்தில் நடந்தபோது அந்த மாநிலக் கோஷ்டியின் பயிற்சியாளர் பொறுப்பு சுந்தரராஜிடம் இருந்தது. டிசம்பர் 27-ஆம் தேதி மகாராஜா கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், 1960-களில் மூன்று முறை கோப்பையைக் கொண்டுபோயிருந்த ரயில்வே கோஷ்டியைக் கேரளம் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் கோஷ்டித் தலைவர் டி. கே. எஸ். மணி.

சொந்த மைதானம், சொந்த ஜனங்களின் ஆரவாரம் ஆகியவற்றின் உதவி கேரளத்துக்கு இருந்தது உண்மையே. ஆனால் அத்தகைய ஆரவாரம் ஆட்டக்காரர்களைத் தூக்கிவிடுவதுபோலவே அழுத்தவும் செய்யும். இரண்டு கோல்களை வாங்கிக்கொண்டும் நிலை குலையாமல் மூன்றாவதைப் போட்டு நிறுத்துவதற்குப் பந்தயத்துக்கு முன்பே பழக்கிவைத்த மனவுறுதி தேவை. முன்வரிசையில் ஆடியவர் பயிற்சியாளராகும்போது கோல் போடுகிற வித்தையை மட்டும் போதித்துவிட்டு நின்றுவிடுவது இயல்பு. கோல் வாய்ப்புக் கிடைக்கும்வரை பதற்றமின்றிக் காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்துக் கற்பிக்கிறவரே நல்ல ஆசான். எர்ணாகுளத்து இறுதி ஆட்டத்தின் கணக்கே சுந்தரராஜ் எத்தகைய ஆசான் என்பதற்குச் சாட்சி.

இதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்காளத்திடம் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது தமிழ்நாடு. தமிழ்நாட்டுக்கு அப்போது கைகூடாத கோப்பை, தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் பயிற்சியால் அடுத்த ஆண்டே அண்டை மாநிலத்துக்குக் கிடைத்தது. நம் முன்வரிசை வீரர்கள் ஆடுவதற்கும் கற்பிப்பதற்கும் வெளியூர் போகவேண்டியிருந்த நிலைமை அவரோடு முடியவில்லை. ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் பத்து கோல்களுடன் முதலிடம் பெற்றது எஃப்.சி. கொச்சின் கிளப்புக்காக, அவர் பின்னர்த் தம் பெயரிலேயே ஒரு காற்பந்துப் பள்ளியை நடத்தலானார். இந்தியன் வங்கிக் கோஷ்டியின் முன்வரிசையில் ஆடிப் பயிற்சியாளரான சையத் சபீர் பாஷாவின் வரலாறு சற்று வேறானது: 2022 பிப்ரவரியில் சென்னையின் எஃப்.சி. கோஷ்டியின் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக அவர் பொறுப்பேற்றது சொந்த ஊரிலேயே.

சொந்த ஊரிலேயே கற்கவும் கற்பிக்கவும் சென்னையில் அமைந்த இவ்வசதி உள்மாவட்டங்களுக்கு இன்னும் எட்டவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலோ, கோமுகி அணையின் பக்கத்துக் கச்சிராயபாளையத்திலோ பந்தை உதைக்கிற சிறுவன் ஒருவன் பெரிய ஆட்டத்துக்குப் போகவேண்டுமானால் மலையிறங்கிப் பஸ் பிடித்துப் பெருநகரங்களின் கிளப்புகளைத் தேடிச் செல்லத்தான் வேண்டும். சுந்தரராஜைப் போன்ற ஒரு பயிற்சியாளர் அந்த மலையடிவாரத்துப் பள்ளி மைதானத்துக்கே வந்து சேர்வதற்கு வழி செய்வது அரசாங்கத்தின் கடமை என்பதில் ஐயமில்லை.

எர்ணாகுளத்து வெற்றிக்குப் பின்னர்க் கேரளம் தன் இரண்டாவது சந்தோஷ் கோப்பையைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1992-இல், கோவாவை மூன்று கோல்களால் தோற்கடித்துக் கோயம்புத்தூரில் பெற்றது. தமிழ்நாடு மறுபடியும் ஓர் இறுதி ஆட்டத்தை எட்டி, கட்டக்கில் ராணுவ கோஷ்டியிடம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றது 2012-இல்.