நரம்பியல் பன்மைக் குழந்தைகளின் கல்வி: தென்காசி வட்டாரம்

ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கம்) முதலியவற்றை வெறும் நோயாகக் கொள்ளாமல், மூளை இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடாகக் காணும் பார்வை நரம்பியல் பன்மை எனப்படும். 1990களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த கருத்து இது. தமிழக அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்ற பெயர் இந்தப் பார்வைக்கு நேர் எதிரானது. புற உலகின் ஒவ்வொரு ஒலியும் உறைக்கும் குழந்தையைப் புற உலகமே இல்லாதது என்கிறது அது.

தென்காசி வட்டாரத்தின் சிறப்புக் கல்வியைப் பேசினால், குற்றாலத்துக்குச் சாரலில் நனைய வருவோர் கவனிக்காத ஆய்க்குடியிலிருந்து தொடங்க வேண்டும். 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உடல் ஊனமுற்றோருக்காகத் தொடங்கிய சங்கத்தின் பணி, பின்னர் அறிவுசார் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்கும் விரிந்தது. ஊனமுள்ளோரும் இல்லாதோரும் ஒரே வகுப்பில் படிக்கும் பள்ளியையும் சங்கம் நடத்துகிறது.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசமும் இல்லை, கற்றல் குறைபாடும் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்து இரண்டையும் சேர்த்தது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் செல்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறார்கள்.

டிஸ்லெக்சியா தமிழில் வெளிப்படும் விதத்தைத் தனியே பார்க்க வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்யை அடுத்து வருகிறது. ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தை இருபுறமும் அணைக்கின்றன. இதோடு ஒலியில் நெருங்கிய ல, ள, ழ, ர, ற, ந, ன, ண வேறு குழப்புகின்றன. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதும் பிள்ளையை அலட்சியக்காரன் என முடிவு கட்டுவது எளிது. அந்த எழுத்துப் பிழை தொடர்ந்து வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டிய அடையாளம் அது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கென்று வகுத்ததல்ல அது. ஆனால் வயதைப் பார்த்து அவசரப்படுத்தாததால் இவர்களுக்கும் உதவுகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. அவற்றுக்கு மருத்துவச் சான்று வேண்டும்.

சான்றுக்கும் பயிற்சிக்குமாக ஊர்விட்டு அலைவதுதான் சிக்கல். பீடி சுற்றும் தொழில் பரவிய பகுதி இது. சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி என்பதால், பிள்ளையோடு தென்காசிக்குப் போகும் நாளில் தாய்க்கு வருமானம் இல்லை. அமர் சேவா சங்கம் இதைத் தலைகீழாக்க முயன்றது. கிராமத்திலேயே உள்ள மறுவாழ்வுப் பணியாளர் வீட்டுக்குச் சென்று குழந்தையைப் பார்த்து, ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ செயலியில் பதிகிறார். வல்லுநர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். தாய் பீடி சுற்றும் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பயிற்சியை வீட்டுத் திண்ணையிலேயே பழகிக்கொள்கிறார்.